புகைந்த பஞ்சுக் குவியல்

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மேட்டுக்காட்டு நிலம் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். மண் அவ்வளவு இறுகிக் கிடந்தது. வேளாண்மை படித்த என் மகள், நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் நூலாகாமல் உதிரும் கழிவுப் பஞ்சைக் கேட்டு வாங்கினாள். விதைத் துணுக்கும் இலைத் தூளும் கலந்த குப்பை அது. சாணிக் கரைசல் தெளித்து, எருவாகட்டும் என்று வேலியோரம் ஆளுயரத்துக்குக் குவித்தாள்.

ஒருநாள் காலை குவியலின் உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. அவள் மண்வெட்டியோடு அதைக் கிளறப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் மில் குடோனில் தீப்பிடித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். பஞ்சுப் பொதி உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். பிரித்துக் காற்றுப் பட்டதும்தான் குப்பென்று பிடிக்கும். அன்று பிரித்தவரின் கை வெந்துபோனது.

"கிளறாத கண்ணு, தள்ளிப் போ" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு செருப்பு வரப்பிலேயே நின்றுவிட்டது.

அவளோ கையைக் குவியலுக்குள் விட்டு எடுத்துக் காட்டினாள்.

"மில்லுல இருந்தா பஞ்செல்லாம் தீயாத்தான் தெரியுமுங்களா? இது ஆவிங்கம்மா. மோந்து பாருங்க."

கருகல் வாடை இல்லை. மழை நனைத்த காட்டின் வாசம்தான்.

"கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் உள்ள திங்குது. அந்தச் சூடு. இப்பப் பொரட்டிக் காத்துக் குடுக்கோணும். ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டுட்டீங்களா?"

"எங்க போட்டேன்? அப்படியே ஓடியாந்துட்டேன்."

"தப்பிச்சேன். அவிங்க வந்து தண்ணியடிச்சிருந்தா சூடெல்லாம் ஆறி, மறுபடியும் மொதல்ல இருந்துதான்."

நானும் கையை விட்டேன். சோறு வடித்த பானையைத் தொட்டதுபோலச் சுட்டது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பயம் போகவில்லை, ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு காலம் குப்பையென்று கூட்டித் தள்ளியது, இங்கே உயிரோடு கொதித்துக்கொண்டிருந்தது.

சில மாதத்தில் குவியல் மக்கிக் கறுத்து உதிரும் எருவானது. அதைப் பாதிக் காட்டில் மட்டும் போட்டு மக்காச்சோளம் விதைத்தாள். முதல் மழைக்குக் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். எரு போட்ட பக்கம் தண்ணீர் நிற்கவுமில்லை, ஓடவுமில்லை, மண் குடித்துக்கொண்டிருந்தது. விரலைக் குத்தினேன், முழுதாக இறங்கியது. பயிர் வளர்ந்தபோது, பச்சை எங்கே கறுத்து நிற்கிறது என்று பேருந்திலிருந்தே தெரிந்தது.

இப்போது நானே மில்லில் கழிவு மூட்டைக்குச் சொல்லிவைக்கிறேன். புதுக் குவியல் ஆவி விடத் தொடங்கினால் மட்டும் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முதலில் நான் மோந்து பார்க்கிறேன். அதன் பிறகுதான் அவளைக் கிளற விடுகிறேன்.