நங்கூரம் நகர்ந்தால் கத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேர் ஒரு படகில் தூங்கினோம். விழித்தபோது ஏரி அதே இடத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் இல்லை.

சிரிக்காதீர்கள். இரண்டு அலாரம் வைத்துவிட்டுத்தான் தூங்கினோம். ஒன்று நேரத்துக்கு — என் செல்போனில். இன்னொன்று இடத்துக்கு — அந்தோணியின் ஜி.பி.எஸ்ஸில்.

இடத்துக்கு அலாரமா? ஆமாம்... அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தோணி என் ரூம்மேட். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன். ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். அவனுடைய அண்ணன் கடலுக்குப் போகிறவர். புது ஜி.பி.எஸ் வாங்கியதும் பழையதைத் தம்பியிடம் தள்ளிவிட்டார். கைக்கு அடக்கமாக, செல்போனைவிடத் தடியாக இருக்கும். திறந்த வானத்தைக் காட்டினால் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். ஒரகடத்தில் கடல் ஏது? ஆனாலும் டீக்கடைக்குப் போனால்கூட அது கையோடு வரும்.

"டீக்கடை எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடை எங்க இருக்குன்னு தெரியும்ல. நான் எங்க இருக்கேன்னு தெரியாண்டாமா?" என்றான்.

என் செல்போனுக்கும் அவனுடைய ஜி.பி.எஸ்ஸுக்கும் ஆகாது. என் போன் திரையில் ஏரியா பெயர் வரும். ஒரகடத்தில் நின்றால் ஒரகடம். வல்லக்கோட்டைப் பக்கம் போனால் வல்லக்கோட்டை. இதுவும் இடம் சொல்கிற கருவிதானே? இப்படிச் சொன்னால் அந்தோணிக்கு மூக்கு விடைத்துவிடும். "லேய், அது டவரு நிக்க எடம். நீ நிக்க எடம் இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் குவாலிட்டி செக்கிங்கு!"

ஆனால் ஒன்று. அந்த ஜி.பி.எஸ்ஸின் மேனுவலை முழுதாகப் படித்தவன் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அச்சடித்த எதுவும் கையில் கிடைத்துவிட்டால், பின் அட்டையில் உள்ள கம்பெனி முகவரி வரை படிக்காமல் கீழே வைக்க முடியாது. அப்படிப் படித்தபோது கண்ணில் பட்டதுதான் நங்கூர அலாரம்.

விஷயம் சுலபம். நங்கூரம் போட்டதும் அலாரத்தை ஆன் செய்ய வேண்டும். நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி இத்தனை மீட்டர் என்று ஒரு வட்டம் கொடுக்க வேண்டும். நங்கூரம் பிடிவிட்டு, படகு வட்டத்தைத் தாண்டினால் — பீப்... பீப்... பீப். கடலில் ராத்தங்குகிறவர்கள் நிம்மதியாகக் கண்ணயரலாம்.

இதை நான் கேன்டீனில் விளக்கிக்கொண்டிருந்தபோது தேவராஜ் கேட்டுவிட்டான்.

தேவராஜ் எங்கள் லைனில் ஆபரேட்டர். வடக்குப்பட்டுக்காரன். அவனுடைய மாமா அந்த ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறார். அவரிடம் ஒரு ஃபைபர் படகு உண்டு. "இன்னா மச்சி, சும்மா தலமாட்டுல வெச்சிக்கினு கீற? எங்க ஏரில வந்து போட்டுக் காட்டு பாக்கலாம்" என்று அந்தோணியைச் சீண்டினான். அந்தோணி விடுவானா? ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் சிக்கலே.

அன்று சாயங்காலம் பெண் வீட்டார் தேவராஜின் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு வாலாஜாபாத் பக்கம். வசதி, வேலை எதைப் பற்றியும் பெண்ணின் அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கண்டிஷன். பையன் ஊர் சுற்றுகிறவனாக இருக்கக் கூடாது. அவருடைய மூத்த மாப்பிள்ளை காலையில் செருப்பு மாட்டினால் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாதாம். பட்டவர் கேட்கிறார், தப்பா?

தேவராஜின் அம்மா அடித்துச் சொல்லியிருந்தார். "எம்புள்ள ஞாயித்துக்கெழமைல வாசப்படி தாண்டாதுங்க."

பெண்ணின் போட்டோ வந்த நாளிலிருந்து அது தேவராஜின் சட்டைப் பையில்தான். போல்ட் முடுக்குவதற்கு நடுவிலும் எடுத்துப் பார்ப்பான். இந்த இடம் தட்டிப்போனால் நிஜமாகவே உடைந்துபோவான் என்பது லைன் முழுக்கத் தெரியும். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் பார்த்து ஏரிக்கு வரலாமா?

"சீக்கிரம் வந்துடலாம் மச்சி. பம்புசெட்ல எண்ண தேச்சிக் குளிக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கினு வந்துட்டேன்" என்றான். லுங்கி, துண்டு. கையில் அவர்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சை சாதம். குளிக்கப் போகிறவனுக்கு எதற்குத் தூக்கு? அந்த அம்மா கவனிக்கவில்லை.

நடு ஏரியில் நங்கூரம் போட்டோம். நங்கூரம் என்றால்... ஒரு பழைய பெயின்ட் டின்னில் சிமென்ட் ஊற்றி, கம்பி வளையம் செருகி, நைலான் கயிறு கட்டியது.

"இது நங்கூரமால? செடி வைக்காத பூந்தொட்டி!" என்றான் அந்தோணி.

"எங்க மாமாவோட பூந்தொட்டி மா. மரியாத!"

அலாரத்தில் இருபது மீட்டர் வட்டம் கொடுத்தோம். என் போனையும் விடவில்லை. திரையில் ஏரியா பெயர் மாறினால் படகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்றேன். அந்தோணி ஏரியில் துப்பினான். சாப்பிட்டு, படுத்து, கண் சொருகும் நேரம் — பீப்... பீப்... பீப்.

பதறி எழுந்தால், படகு கயிற்றோடு கொஞ்சம் சுற்றி வந்திருந்தது. அவ்வளவுதான். காற்றுக்குத் தகுந்தபடி படகு சுற்றத்தானே செய்யும்? ஐம்பது மீட்டராக்கினான். படுத்தோம். பீப். நூறாக்கினான். படுத்தோம். பீப்.

"தா, இது இன்னா கைக்கொயந்த மாரி கத்திக்கினே கீது?" என்றான் தேவராஜ். "பெர்சா ஒண்ணு குடு மச்சி. வாய மூடிக்கினு கெடக்கட்டும்."

அந்தோணி ஐந்நூறு மீட்டர் கொடுத்தான். அப்புறம் சத்தமே இல்லை. ஆஹா, என்ன அமைதி!

வாசகர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நூறு மீட்டரைத் தாண்டிப் படகு போகிறதென்றால், ஒருவேளை நங்கூரமே நகர்கிறதோ என்று மூன்று தடிப்பயல்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லையா?

தோன்றவில்லை. ஏன் தெரியுமா? நாங்கள் லைனில் வேலை செய்கிறவர்கள். எங்கள் லைனில் பார்ட் சரியாக உட்காராவிட்டால் சென்சர் கண்டுபிடித்து பஸ்ஸர் அடிக்கும். பஸ்ஸர் அடித்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வருவார். எனவே பஸ்ஸர் அடித்தால் நாங்கள் பார்ட்டைப் பார்ப்பதில்லை. சென்சர் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுகிறோம். தப்பை நிறுத்துவதைவிடச் சத்தத்தை நிறுத்துவது எவ்வளவு சுலபம்! அந்தப் பழக்கம் ஏரிக்கும் வந்துவிட்டது. ஐந்நூறு மீட்டர் என்றால் முக்கால்வாசி ஏரி.

என் செல்போன் அலாரம்? அதுவும் கடமை தவறாமல் அடித்ததாம். தேவராஜ் தூக்கத்திலேயே தடவி அமுக்கியிருக்கிறான். ஏரியா பெயர்? கடைசி வரை மாறவே இல்லை. டவர் நகரவில்லை அல்லவா!

எங்களை எழுப்பியது முள். ஏரியின் அந்தக் கோடியில், கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களுக்குள் படகு மூக்கை நுழைத்திருந்தது. பூந்தொட்டி சேற்றில் வழுக்கிக்கொண்டே கூட வந்திருந்தது. படகுக்குள் தண்ணீர். ஜி.பி.எஸ் நனையாமலிருக்க அந்தோணி அதைக் காலித் தூக்கில் போட்டு மூடினான். முள் கிழித்து தேவராஜின் லுங்கி கொடி மாதிரி பறந்தது.

அப்போதுதான் கரை மேல் ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னலில் ஒரு மீசைக்காரர் தலை நீட்டினார்.

"தம்பி, வடக்குப்பட்டுல தேவராஜ் வூடு எந்தாண்டபா?"

நானும் அந்தோணியும் படகுக்குப் பின்னால் பதுங்க, தேவராஜ் சட்டென்று துண்டை முகத்தோடு முண்டாசாகச் சுற்றிக்கொண்டான். "இப்டியே கரைய சுத்திக்கினு போங்க. குறுக்கால போனீங்க, வேன் சேத்துல மாட்டிக்கும். வர்றதுதான் வந்தீங்க, அப்டியே வல்லக்கோட்ட முருகன ஒரு கும்பிடு போட்டுக்கினு..."

"அங்கேந்துதான்பா வர்றோம்."

"இன்னொரு தபா கும்புடுங்க. நல்ல காரியமா வந்துக்கிறீங்க."

"நல்ல காரியம்னு உனக்கு எப்டி தெரியும்?"

"வேன்ல பூ கீதே!"

வேனுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். பெண்ணின் பெரியம்மா என்று பின்னால் தெரிந்தது. "ஏம்பா, அந்தப் புள்ள தேவராஜ் எப்டி? நல்ல மாரியா?"

அக்கம்பக்கம் விசாரிக்கிறார்கள்! தேவராஜ் தொண்டையைச் செருமினான். "தங்கமான புள்ளமா. வூட்ட வுட்டு நகராது."

அந்தோணி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

வேன் கரையைச் சுற்றியது. நாங்கள் வயலில் குறுக்கே ஓடினோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவன், பம்புசெட்டில் எண்ணெய் இல்லாமல் ஒரு முங்கு போட்டு, வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வாசலுக்கு வந்தபோது வேன் தெரு முனையில் திரும்பியது. தலை ஈரம்கூட சாட்சியாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வாசலில் வெட்டவெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மீசைக்காரர் — பெண்ணின் தாய்மாமன் — தேவராஜை உற்று உற்றுப் பார்த்தார். "மாப்ளய எங்கயோ பாத்தா மாரி கீதே..."

"எங்க பாத்திருப்பீங்க?" என்றார் தேவராஜின் அம்மா. "ஞாயித்துக்கெழமைல அதுக்கு இந்த வாசல்தான்."

சொல்லிக்கொண்டே, மோர் ஊற்ற ஏனம் தேடியவர், அந்தோணியின் காலடியில் இருந்த தூக்கைப் பார்த்துவிட்டார். "இந்தத் தூக்கைத்தானே நான் மத்தியானத்துலேந்து தேடிக்கினு கீறேன்?" திறந்தார். உள்ளே ஜி.பி.எஸ். எடுத்துக் காலி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

எவர்சில்வர் மூடிக்குள் அதற்கு வானம் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. தான் ஏரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று புரிந்துகொண்டது.

பீப்... பீப்... பீப்.

ஏரியில் வாயை மூடிக்கொண்டிருந்த சனியன், ஒரு கல்யாணப் பேச்சின் நட்ட நடுவே கத்துகிறது!

"இன்னாபா அது?" என்றார் பெண்ணின் அப்பா.

"வாட்ச்சு" என்றான் அந்தோணி, உள்ளங்கை அளவு வாட்சை அமுக்கிப் பிடித்தபடி.

அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ளயாட்டம் கீற. நீ சொல்லு தம்பி."

எனக்கு ஒரு வியாதி. யாராவது சந்தேகம் கேட்டால் முழுதாகத் தீர்த்துவைத்துவிடுவேன். "இது நங்கூர அலாரம் சார். படகு நங்கூரம் போட்ட இடத்தை விட்டு நகர்ந்தால் கத்தும்" என்றேன்.

"எந்தப் படகு?"

அங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடியபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

மீசைக்காரர் மெல்ல எழுந்தார். "அப்ப ஏரில முண்டாசு கட்டிக்கினு வழி சொன்னது?"

"நான்தாங்க" என்றான் தேவராஜ். அவனுடைய அம்மா மோர்ச் சொம்போடு அப்படியே நின்றார். அவன் கை சட்டைப் பையின் மேல் இருந்தது. போட்டோவைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்பது போல.

பெண்ணின் அப்பா ஜி.பி.எஸ்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "இருக்க வேண்டிய எடத்துல ஆளு இல்லன்னா கத்தும். அதானே?"

"அப்டி இல்லீங்க" என்றான் தேவராஜ். "மத்தியானம் பூரா நான் தப்பான எடத்துல இருந்தேன், அப்ப கத்தல. இப்பதான் இருக்க வேண்டிய எடத்துக்கு வந்துக்கிறேன்."

முதலில் சிரித்தது பெண்ணின் பெரியம்மாதான். "தனக்குத்தானே சர்ட்டிபிகேட்டு குடுத்துக்கினானே, இவனப் போய் வேணாம்ன்றதா? எங்க மூத்த மாப்ள எங்க போனாருன்னு சொல்ல ஒரு நாதி கெடையாது. இவன் எங்க போனாலும் கூடவே காட்டிக் குடுக்க ரெண்டு பேரும் ஒரு மிசினும் கீது!"

பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். சட்டைப் பைக்குள் இருக்கும் போட்டோவை அவரும் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். தை முடிவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் தேவராஜ் முதல் காரியமாகச் சென்சர் மேலிருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்தெறிந்தான். லைன் மூன்று முறை நின்றது. சூப்பர்வைசர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பார்ட் கோணலாகத்தான் உட்கார்ந்திருந்தது. நமக்கெல்லாம் ஏதோ ஒரு அலாரம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வட்டத்தை ஐந்நூறாக்கிவிட்டு அமைதி, அமைதி என்கிறோம்... இல்லையா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் செல்போனுக்கு ஒரு அழைப்பு. பெண் குரல். தேவராஜிடம் போன் இல்லாததால் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

"அண்ணா, நான் வாலாஜாபாத்லேந்து பேசறேன். அந்த மிசின்ல ஒரு டவுட்டுண்ணா. வட்டத்த ரொம்ப சின்னதா வெக்க முடியுமா?"

மேனுவலைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டேன். முடியும்.