கேள்வியக்காவின் முகம்

"தப்பா எடுத்துக்காதீங்க, இதையும் கேட்டுடறேன்" என்றபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்ற கேள்விக்கு வரும்போதெல்லாம் இப்படித்தான். மனநல வார்டில் சேர்கிறவர்களிடமும் வீடு திரும்புகிறவர்களிடமும் கேள்வித்தாளை வாசித்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. மதிப்பெண் ஏறினால் ஆள் வார்டிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும், இறங்கினால் வீடு. வார்டில் அவருக்குக் கேள்வியக்கா என்றே பெயராகிவிட்டது.

பூனையைக்கூட அதட்டி விரட்டத் தெரியாத பிறவி. நோயாளியின் போர்வையை இழுத்துவிட்டு, "தூங்குனீங்களா?" என்றுதான் பேச்சையே தொடங்குவார். மனம் கசந்து யாராவது ஒரு பதில் சொன்னால் முகம் சுருங்கிப்போகும், மறைக்க வராது. அவர்மேல் எல்லோருக்கும் கொள்ளைப் பிரியம். வினையே அதில்தான் இருந்தது.

போன மாதம் ஒரு தச்சர். எல்லாவற்றுக்கும் "இல்லக்கா, இல்லக்கா" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கவில்லை. வார்டில் விட்டுப்போன துணிகளை வாங்க வந்த அவர் மனைவி, கேள்வியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களப் பத்தித்தான் பேசுவாரு. 'உண்மையச் சொன்னா அந்த அக்கா முகம் வாடிப்போயிடும், அதான் இல்லைன்னுட்டேன்'னாரு. நானும் ஏதோ வேடிக்கைக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். நன்றி சொல்லிவிட்டுப் போனாள், பாவி மகள்.

அன்றிலிருந்து கேள்வியக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி முன் நின்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துப் பழகிப் பார்த்தார். "என்ன, பல்லு வலியா?" என்று கேட்ட கணவர், அவர் அழுவதைப் பார்த்ததும் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்தார்.

இன்று ஒரு பள்ளி ஆசிரியை வீடு திரும்பும் நாள். பையைத் தூக்கிக்கொண்டு மகள் வெளியே காத்திருந்தாள். அந்தக் கேள்வி வந்தது.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நீங்க ஏன் இப்படி வாடிப்போறீங்க?" என்று ஆசிரியை இவரைத் தேற்றினாள்.

கேள்வியக்கா பேனாவை மூடி வைத்தார். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இப்ப என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாது. எனக்காக எதுவும் சொல்ல வேணாம். மறுபடியும் கேக்கறேன்."

கேட்டார். முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல, "தோணுதுக்கா" என்று வந்தது. "தினமும் தோணுது."

கேள்வியக்கா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.