தண்ணீர் சுமப்பவன்

ஹரோ நகரில் எங்கள் வீட்டு ஹோலில் என் கணவர் ஒரு சைக்கிள் பந்தய வீரனோடுதான் குடும்பம் நடத்தினார். அவன் அவுஸ்திரேலியாக்காரன். ஜூலை மாதம் முழுக்க எங்கள் டிவியில் பிரான்ஸ் மலைகளில் ஏறிக்கொண்டிருப்பான். அவனுக்கு எந்த மலையில் காறை எலும்பு முறிந்தது என்று இவருக்குத் தெரியும். எனக்கு எந்த முழங்கால் நோகிறது என்று இவருக்குத் தெரியாது.

சரி, வென்று கிழித்தவனா என்றால் அதுவும் இல்லை. அணித் தலைவனை வெல்லவைப்பதுதான் அவன் வேலை. பின்னால் வரும் அணியின் காரில் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, முன்னுக்கு மிதித்துவந்து கொடுப்பான். தலைவனுக்குக் காற்று அடிக்காமல் முன்னால் ஓடுவான். கடைசியில் ஒதுங்கிவிடுவான். பூச்செண்டு தலைவனுக்கு.

இவன் விழுந்து தொலைந்தால் என்ன என்று ஒருநாள் வயிறெரிந்து நினைத்தேன். அன்றே விழுந்தான். இவர் இரவு சாப்பிடவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டவர்!

அவனுடைய கடைசிப் பந்தயத்தன்று, விமான நிலையத்தில் காலை ஷிப்ட் முடித்து, மரக்கறியும் வாங்கி, இரண்டு கையிலும் பைகளோடு வந்தேன். இவர் சோபாவில் அழுதுகொண்டிருந்தார்.

"பாருமப்பா, இவ்வளவு வருஷமும் ஒருநாள்கூடத் தனக்கெண்டு ஓடேல்லை. ஒரு முணுமுணுப்பில்லை. இப்பிடி ஒரு சீவனை நான் என்ர வாழ்க்கையில காணேல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடித்து முடித்த தேநீர்க் கோப்பையை என்னிடம் நீட்டினார்.