பீரோவில் இருந்த மெஷின்

எனக்குத் தேங்காய் உரிக்கிற வேலை. ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் கம்பியை நட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை குத்தி உரிப்பேன். அதிகம் பேசுகிற ஆள் இல்லை நான். ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும் என்று அலைகிற வேலையும் எனக்கே வந்தது.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. எங்களுக்கு அது உறைக்க மூன்று வருஷம் ஆனது. மாதா கோயில் திருவிழாவில் வெடி போட்டார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் அழுதன. இவள் மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாலு வயதில் ஆபரேஷன் நடந்தது. மண்டைக்குள் ஒன்றை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் காந்த வில்லை. வில்லை தலையில் ஒட்டியிருந்தால் கேட்கும். எடுத்தால் கேட்காது. அரசாங்கம் கொடுத்தது. தொலைத்தால் மறுபடி கிடைக்காது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மெஷின் மாட்டிய வாரம் களத்தில் கூட உரிக்கிறவன் ஆரம்பித்தான்.

"ஏலே, ஒம் மக காதுல ஒரு தென்னந்தோப்பு வெலையே தொங்குதாமுல்ல?"

"ஆமா."

"பாத்துக்கப்பு. காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னா நீ கெழவனாகிற வரைக்கும் உரிச்சாலும் அது வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே மெஷினைக் கழற்றினாள். துடைத்தாள். டப்பாவில் போட்டு, பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை திண்டுக்கல்லில் பிள்ளைக்குப் பேச்சு வகுப்பு. பஸ் காந்திகிராமம் தாண்டும்போது மாட்டி விடுவாள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கழற்றிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரு தரம் மாட்டுவாள். நல்ல கவுன், செயின், மெஷின். மற்ற நாளில் பிள்ளை மண்ணில் கிடக்கும், வேர்க்கும், வாய்க்காலில் இறங்கும். அப்போது எதற்கு என்று இருந்துவிட்டோம்.

டீச்சர் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் நாளே சொன்னார். "தூங்குற நேரம், குளிக்கிற நேரம் தவிர எப்பவும் போட்டிருக்கணும். வீட்டுல பேசிக்கிட்டே இருங்க. ஆறு வயசுக்குள்ள பிடிச்சாத்தான் பேச்சு வரும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்." நாங்கள் தலையாட்டினோம். பாடம் வகுப்பில்தானே நடக்கிறது, அங்கே போட்டால் போதும் என்று நினைத்தேன். நான் அஞ்சாவதோடு நின்றவன். எனக்குப் படிப்பென்றால் பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிறது.

டீச்சர் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வார். "ஆ" என்பார். "ம்ம்" என்பார். கேட்டால் பிள்ளை ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சில சனிக்கிழமை போடுவாள். சில சனிக்கிழமை பாசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தபடி இருப்பாள்.

"போன வாரம் வந்துச்சு. இந்த வாரம் இல்ல. வீட்டுல பேசுறீங்களாப்பா?"

"பேசுறோம் டீச்சர்."

பொய் இல்லை. பேசினோம். மெஷின் பீரோவில் இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம். அவளுக்கு ஆறு வயதும் முடிந்தது. ஒரு சனிக்கிழமை மெஷினைச் சரிபார்க்கிற சார் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். எவ்வளவு நேரம் தலையில் இருந்தது என்று மெஷினே குறித்து வைத்துக்கொள்ளுமாம். அதுவரை அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

"வாரத்துல ரெண்டு நாள்தான் ஓடியிருக்கு. அதுவும் செத்த நேரம். மத்த நாள் எங்க இருந்துச்சு?"

என் மனைவி சொன்னாள். "பீரோவுல சார். தூசி தும்பு படாம வச்சிருக்கோம். வேணும்னா பாருங்க, புதுசு மாதிரி இருக்கும்."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பாசிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பஸ்ஸில் திரும்பினோம். அன்றைக்குத்தான் காந்திகிராமம் தாண்டியும் மெஷின் அவள் தலையில் இருந்தது.

மறுநாளிலிருந்து காலையிலேயே மாட்டினோம். அவள் பிடுங்கினாள். அவளுக்குத் தெரிந்த சத்தம் டீச்சர் குரலும் பூசைப் பாட்டும்தான். மிக்ஸியும் மோட்டாரும் நாய் குரைப்பதும் தலையில் அடித்த மாதிரி இருந்திருக்கும். காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். மாட்டுவோம், பிடுங்குவாள். வகுப்புக்கும் விடாமல் போனோம். டீச்சர் விடவில்லை. பேச்சுத்தான் வரவில்லை.

இப்போது ஒன்பது வயது. நாலு வார்த்தை சொல்வாள். எங்களுக்கு மட்டும் புரியும். காலையில் அவள் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்ப்பேன். சில நாள் திரும்புவாள். குரலுக்குத் திரும்பினாளா, சுவரில் என் நிழலைப் பார்த்தாளா, தெரியாது. நிழல் விழாத இடமாக நின்று கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

போன வருஷம் டீச்சரே சொல்லிவிட்டார். "சைகை சொல்லித் தர்ற பள்ளிக்கூடத்துல சேத்துருங்கப்பா. அவளுக்குன்னு ஒரு பேச்சு வேணும்ல." சேர்த்தோம். அவள் விரல் படபடவென்று ஓடுகிறது. எனக்குப் பாதி பிடிபடவில்லை. மட்டை பிரித்துப் பிரித்துக் காய்த்த விரல், அவள் மடக்குகிற மாதிரி மடங்க மாட்டேன் என்கிறது. நான் செய்து காட்டினால் சிரிப்பாள். பிறகு அவளும் விட்டுவிடுவாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மெஷினை அவளே கழற்றுகிறாள். அவள் அம்மா துடைத்த மாதிரியே துணி நுனியால் துடைக்கிறாள். டப்பாவில் போடுகிறாள். கல்யாணச் சேலையைத் தூக்கி அடியில் வைக்கிறாள். பீரோவைச் சாத்தி, கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொள்கிறாள். எடுத்து மாட்டப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறாள்.

மெஷினில் இன்னும் ஒரு கீறல் இல்லை.