போல்கா இல்லாத கட்சி

“அப்பா, நகரசபைத் தேர்தல்ல என்னை நிக்கச் சொல்றாங்க.”

டயர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த தோன் பசிலியோ நிமிர்ந்தார். முகமெல்லாம் பல்.

“அட்ரா சக்கை! யாரு சொன்னது? நம்ம வட்டச் செயலாளரா? நேத்துக்கூட என்னைப் பாத்தான், வாயே திறக்கலையே திருட்டுப் பய.”

“நம்ம கட்சியில இல்லப்பா.”

ட்யூப் கை நழுவி மேலே மிதந்து வந்தது. நிமியா கொம்புக் குவளையில் தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானத்தை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கி, உலோகக் குழலில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்போ உங்கம்மா கட்சியா?”

குரலில் வலி இருந்தது. ஆனால் தாங்கக்கூடிய வலிதான். பரம்பரைச் சிவப்புக் கட்சிக்காரரான அவர் நீலக் கட்சி வீட்டில் பெண் எடுத்தவர். பிள்ளைகளில் ஒன்று என்றைக்காவது அந்தப் பக்கம் சாயும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தார்.

“அதுவும் இல்ல.”

“ரெண்டும் இல்லன்னா இந்த நாட்டுல வேற என்னம்மா இருக்கு?”

“புதுசுப்பா. காலேஜ்ல ஆரம்பிச்சோமே, அந்த இயக்கம். இப்போ ஊர் ஊரா ஆள் நிறுத்தறோம்.”

“என்ன கலரு?”

“பச்சை மாதிரி.”

“மாதிரியா? கட்சிக்குப் போயி மாதிரிக் கலரா?” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “சரி, அது போகட்டும். உங்க கட்சிப் போல்காப் பாட்டு எப்படி இருக்கும்? பாடிக் காட்டு பாப்போம்.”

“போல்கா இல்லப்பா.”

“இல்லையா?”

“அதைப் பத்தி யாரும் யோசிக்கல.”

அவர் தேடிப்போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். “போல்கா இல்லாம ஒரு கட்சி! கல்யாணம் காட்சின்னா என்ன பண்ணுவீங்க? சிவப்புப் போல்கா வாசிச்சா நாங்க எழுந்து ஆடுவோம். நீலம் வாசிச்சா உங்க மாமன் கூட்டம் ஆடும். நீங்க? சாவு வீட்டுக்கு வந்த மாதிரி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?”

நிமியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அடுத்த குவளையை அவள் நீட்டியபோது, “நன்றி” என்றார். தெரெரே குடிக்கும் இடத்தில் நன்றி சொன்னால், போதும், எழுந்துகொள்கிறேன் என்று அர்த்தம். ஜாடியின் அடியில் பனிக்கட்டி தட்டுப்படும்வரை எழுந்திருக்காத மனிதர், இரண்டாவது குவளையிலேயே நன்றி சொல்லிவிட்டார்.

பிறகு ஸ்பானிஷுக்கு மாறினார். “மிர்த்தா கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாது.”

அந்த வீட்டில் மண்ணின் மொழியான குவாரானிதான் பேச்சு. ஸ்பானிஷ் வந்தால் பள்ளிக்கூடம் வந்ததுபோல, போலீஸ்காரர் வந்ததுபோல. இரண்டிலும் படித்தவளுக்கு அப்பாவின் கோபம் எந்த மொழியில் இருக்கிறது என்று தெரியாமலா போகும்?

அக்கா மிர்த்தாவின் கல்யாணம் சனிக்கிழமை. திங்களன்று தலைநகருக்குத் திரும்பியதும் நிமியா இயக்கத்தாரிடம் சரி அல்லது முடியாது என்று சொல்லியாக வேண்டும். அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தாள். இதனால் அப்பா தன்னோடு தெரெரே குடிப்பதை நிறுத்திவிடுவார் என்றால், முடியாது என்று சொல்லிவிடுவது. நாட்டைத் திருத்த வேறு ஆள் கிடைக்கும்.

தலைநகர் அசுன்சியோனில் அவள் படிப்பது சமூகவியல். ஊரில் அப்பா பரப்பி வைத்திருப்பது வக்கீல் படிப்பு. “சமூகவியல்னா என்னன்னு கேக்கறாங்க. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்றது?” என்பார். ஊர்வலங்களில் அவள் கோஷம் போட்டதில்லை. பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கூட்டங்களில் கடைசி வரிசை. பிறகு எப்படி வேட்பாளர் ஆனாள் என்று கேட்டால், இயக்கத்தின் முக்கால்வாசி வேலையைத் தலையில் சுமக்கும் அவளுடைய தோழி ரொசீயோ சொல்வாள்: “நீ வாயத் திறந்தா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க நிமி. ஏன்னா அது எப்பவாவதுதான் நடக்குது.”

அவளுடைய அரசியல் புத்தகத்தில் தொடங்கவில்லை. அப்பாவின் பஞ்சர் கடையில்தான் தொடங்கியது. கடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் விழாமல் எந்த வண்டியும் ஊருக்குள் வர முடியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை மூடுவதாகச் சொல்வார்கள். சுகாதார நிலையத்தின் ஆம்புலன்ஸ்கூட வழுக்கை டயரோடு வந்து நிற்கும். அப்பா காசு வாங்காமல் ஒட்டுப் போடுவார். “இதுக்கெல்லாம் உங்க கட்சிக்காரங்கதானே காரணம்?” என்று பள்ளிக்கூட வயதிலேயே அவள் கேட்டிருக்கிறாள். “ரோடு நல்லாயிட்டா நம்ம வீட்டு அடுப்பு எரியுமா?” என்று அவர் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

துறை இதழில் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். இங்கே கட்சி என்பது குடும்பப் பெயரைப் போலப் பிறப்பிலேயே வந்துவிடுகிறது, ஞானஸ்நானத்துக்கு முன்பே தொட்டிலில் கட்சிக் கைக்குட்டையைக் கட்டிவிடுகிறார்கள் என்று. பேராசிரியர் பாராட்டினார். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த பேருந்தில் ஓட்டுநர் சிவப்புப் போல்காவைப் போட்டார். இருக்கைக்கு அடியில் அவளுடைய வலது கால் தானாகத் தாளம் போட்டது. இடது காலால் மிதித்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலைக் கட்டுரையில் சேர்க்க மறந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாண விருந்து பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை போட்ட விளையாட்டுத் திடலில் நடந்தது. நீளக் கம்பிகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. மேசைகளில் அவித்த மரவள்ளியும் சோள அடையும் குவிந்திருந்தன. ரொசீயோவும் தலைநகரிலிருந்து வந்திருந்தாள். இரண்டு கித்தார்களுக்கு நடுவே கிழவர் சிரியாகோ தன் யாழை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போதே சிவப்புப் போல்கா கிளம்பியது. தோன் பசிலியோ கோட்டுப் பையிலிருந்து சிவப்புக் கைக்குட்டையை உருவிக்கொண்டு எழுந்தார். நிமியா அவருடைய செருப்பின்மேல் ஏறி நின்று ஆடிய வயதிலிருந்து, இந்தப் போல்காவுக்கு முதலில் அவளைத்தான் இழுப்பார். அன்றும் அவள் மேசைப் பக்கம் வந்தார். கை பாதி நீண்டது. பிறகு அது திசை மாறி, மாப்பிள்ளையின் அத்தையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

“உன் கால் ஆடுது,” என்றாள் ரொசீயோ.

“தெரியும். பேசாம இரு.”

அது முடிந்ததும் முறைப்படி நீலப் போல்கா. அம்மா எர்மினியா தன் தம்பி தெல்ஃபினோடு ஆடப் போனாள். அந்த நேரத்தில் மற்ற சிவப்புக்காரர்கள் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவார்கள். அப்பா மட்டும் போகமாட்டார். நாற்காலியிலேயே உட்கார்ந்து, அண்ணாந்து, கூரை எங்கே ஒழுகும் என்று சோதிப்பவரைப் போலத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போல்கா முடியும்வரை பார்வை கீழே இறங்காது. கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் கட்சிக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது. அம்மாவும் அதற்கு மேல் கேட்டதில்லை.

நீலப் போல்கா ஓய்ந்ததும் மாமா தெல்ஃபின் வேர்த்து வடிய மேசைமேல் தட்டினார். “யாருய்யா அங்க! ரெண்டு கட்சிக்கும் வாசிச்சாச்சு. எங்க மருமக கட்சிக்கும் ஒண்ணு வாசிங்க!”

நிமியா அம்மாவிடம் மட்டும் சொன்னது மாமாவின் காதுக்குப் போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். திடல் முழுவதும் நிமியாவின் பக்கம் திரும்பியது.

தளர்ந்த தந்திகளை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்த சிரியாகோ கேட்டார்: “உங்களது எந்தப் பாட்டு தாயி?”

“அவங்க கட்சியில பாட்டு ஏது? பரீட்சைதான் எழுதுவாங்க!” என்றது ஒரு குரல். ஒரே சிரிப்பு.

நிமியா அப்பாவைப் பார்த்தாள். அவருடைய காதுமடல்கள் சிவந்திருந்தன. அவளுக்கு அது கோபமாகத் தெரியவில்லை. தன் மகள் ஊருக்கு நடுவில் ஆடுவதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் எழுந்தாள். “இப்போ வாசிச்சுக்கிட்டு இருந்தீங்களே தாத்தா, அதையே வாசிங்க.”

“அது பாட்டு இல்லம்மா. தந்தி முறுக்கிக்கிட்டு இருந்தேன்.”

“பரவால்ல. அதுக்கே ஆடறோம்.”

சிரியாகோ ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். டொய்ங். ஒரு முறுக்கு. டிய்ங். நிமியா ரொசீயோவின் கையைப் பிடித்து இழுத்துத் திடலின் நடுவுக்குப் போனாள். டொய்ங்குக்கு ஒரு அடி, முறுக்குக்கு ஒரு நிறுத்தம், டிய்ங்குக்கு ஒரு சுழற்சி. மேசைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சுகாதார நிலையத்து நர்ஸ் செல்சா கையில் இருந்த தட்டோடு வந்து சேர்ந்துகொண்டாள். “ஆம்புலன்சுக்கு டயர் வாங்கித் தருவியாடி?” என்று கேட்டுக்கொண்டே ஆடினாள். “முதல்ல நிறுத்தத்துல நில்லுங்க அக்கா, அடி தப்புது,” என்றாள் நிமியா. அதற்குள் மணப்பெண் மிர்த்தாவும் பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கிழவருக்கும் உற்சாகம் பிறந்து, சரியாக இருந்த தந்திகளையெல்லாம் தளர்த்தித் தளர்த்தி முறுக்கினார்.

ஒரு சுழற்சியில் நிமியாவின் கண்கள் அப்பாவின் நாற்காலியைத் தேடின. வெளியே போயிருப்பார் என்றுதான் பயந்தாள்.

போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். முகவாய் மேலே தூக்கியிருந்தது. கண்கள் தகரக் கூரையில் நிலைத்திருந்தன.

நிமியாவின் அடி தப்பியது. அம்மா அதைக் கவனித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் பையோடு அவளைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்து வந்த அப்பா, ஜாடியையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். அன்று குவளையை நிரப்பிக் கொடுத்தது அவர்தான். மாறி மாறிக் குடித்தார்கள். இருவரும் நன்றி சொல்லவில்லை.

“சரின்னு சொல்லப் போறியா?” குவாரானியில் கேட்டார்.

“சொல்லலாம்னு இருக்கேன்.”

“என் ஓட்டு உனக்குக் கிடைக்காது.”

“தெரியும்ப்பா.”

“செத்தாலும் சிவப்புக் கைக்குட்டையைப் போத்தித்தான் தூக்கணும்.”

“தெரியும்ப்பா.”

“அந்தப் பள்ளத்தை மட்டும் மூடிடாதே. பொழப்பு.”

“அதைத்தான் முதல்ல மூடுவேன்.”

“திமிரு,” என்றார். “ஆனா அந்தத் தந்தி முறுக்கறதுக்கு ஆடினியே, ஊரே சிரிச்சுது. சீக்கிரமா ஒரு போல்கா போடச் சொல்லு உங்க ஆளுங்கள.”

“சரிப்பா.”

பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறி வந்து நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகரத் தொடங்கியபோது யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். திறந்தாள். அப்பா பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தார்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் மகளே,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. “நம்ம போல்கா மாதிரி அவ்வளவு வேகமா வேண்டாம். உங்களது கொஞ்சம் மெதுவாவே இருக்கட்டும்னு சொல்லும்மா. என் முட்டிக்கு ஏத்த மாதிரி.”