கடலுக்குப் பந்தல் போட்ட எங்கண்ணன்

எங்கண்ணன் கடல்ல மூழ்கித்தான் செத்தான்னு எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல பாதிப்பேரு இன்னும் சொல்றாங்க. அவன் செத்தது டெங்குல, காச்சலோட ஊருக்கு வந்து, பதுள ஆஸ்பத்திரி கட்டில்ல. கடலோரத்துல வேல பாத்தவன் கொசு கடிச்சு செத்தான்னா கத எடுபடுமா?

தெக்குக் கடலோரத்துல, அடியில கண்ணாடி வச்ச படகுல ஆளுங்கள ஏத்திட்டுப் போயி முருகைக்கல்லு, அதான் பவளப்பாற, காட்டுறதுதான் அவன் வேல. கல்லுன்னு பேரு, ஆனா உசுரு உள்ளது. தொண்ணூத்தெட்டுல கடல் தண்ணி சூடேறி முக்காவாசியும் வெளுத்துச் செத்துருச்சு. வீட்டுக்கு வந்தப்ப, "இப்ப எலும்பத்தான்டா காட்டிக்கிட்டு இருக்கோம்"ன்னான்.

கடலோரம் போறதுக்கு முன்னாடி அவன் தோட்டத்துல தேயிலக் கன்னு வளக்குற தவறணையில நின்னவன். கன்னுக்கு மேல பெரணி பரப்பி நெழல் குடுப்பாங்க. அப்பறம் கொஞ்சங்கொஞ்சமா பெரணிய எடுத்து வெயிலுக்குப் பழக்குவாங்க. ஒரேயடியா எடுத்தா கருகிரும். இந்தப் படிப்ப வச்சிக்கிட்டு நம்மாளு கடலுக்கே வைத்தியம் பாக்கக் கெளம்பிட்டான். ரெண்டு கட்டு பெரணி வெட்டி பஸ்ல ஏத்துனான்.

"மாட்டுக்கா?"ன்னு கண்டக்டர் கேட்டாராம்.

"கடலுக்கு"ன்னானாம்.

தண்ணிக்குள்ள மூங்கில் நட்டு பந்தல் போட்டுருக்கான். மொத அல வந்துச்சு, பந்தல் போச்சு.

அவன் கருமாதி முடிஞ்சு, அவன் பைய எடுக்க நாந்தான் கடலோரத்துக்குப் போனேன். ரெண்டு சாரம், பாடாத ஒரு ரேடியோ. அம்புட்டுத்தான் அவன் சொத்து. படகு மொதலாளி சிங்களவரு, வயசானவரு. பந்தல் கதயச் சொல்லி சிரிச்சாரு, அப்பறம் மூக்கத் தொடச்சாரு. சிங்களத்துல தம்பிய மல்லிம்பாங்க, என்னையும் அப்புடித்தான் கூப்புட்டாரு.

"ஆனா மல்லி, அந்தப் பைத்தியம் விடல. கரையோரமா ஒரு பள்ளம் இருக்கு. கடல் வத்துனா அங்க தண்ணி நல்லா சுடும். அதுல இருந்த சிலது மட்டும் வெளுக்கல. 'இதெல்லாம் வெயில் பழகுனது மொதலாளி'ன்னு, ஒடஞ்சு கெடந்த துண்டப் பொறுக்கி சீமெந்துக் கட்டியில கட்டி, செத்த எடத்துல நட்டான். மூனு வருசமா நட்டான்."

"அது உசுரோட இருக்கா?"

"இந்த வருசமும் தண்ணி சுட்டுச்சு. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதுலருந்து நான் அந்தப் பக்கம் போகல. போக மனசு வரல."

எனக்குப் பாத்தே ஆகணும்னு ஆயிருச்சு. ரேடியோவும் பாடல, இதுவாவது இருக்கணும்ல.

படகுல ஏறி ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டுத்தான் கண்ணாடியில குனிஞ்சேன். தேயில மாதிரியே நெர புடிச்சு நட்டுருக்கான், கிறுக்கன். மொத நெர செத்து, பாசி புடிச்சுக் கெடந்துச்சு. ரெண்டாவதும் அப்புடித்தான். இதுக்குத்தானாடா வீட்டுப் பக்கமே வராம கெடந்தன்னு அவன கெட்ட வார்த்தையில திட்டுனேன். மொதலாளி படக அடுத்த நெரைக்குத் தள்ளுனாரு.

கடைசி நெரையில ஏழெட்டு மட்டும் வெளுக்காம பழுப்பா, வெரலு வெரலா உசுரோட நின்னுச்சு. ஒரு சின்ன மீனு அதுக்குள்ள பூந்து பூந்து வந்துச்சு.

"ஒடஞ்சு விழுந்த துண்டு இருந்தா எடுத்து, காலியா கெடக்குற சீமெந்துக் கட்டியில கட்டணும். எனக்கு முட்டி மடங்காது"ன்னாரு மொதலாளி.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"அவனுக்கும் தெரியாது. நெஞ்சளவு தண்ணிதான்."

அண்ணன் சாரத்த எடுத்துக் கட்டிக்கிட்டு எறங்குனேன். கால வச்ச ஒடனே செத்த கல்லு பாதத்தக் கிழிச்சிருச்சு. அவன இன்னொரு தடவ திட்டிட்டு, கைய உள்ள விட்டுத் தேடுனேன்.