மூன்றாம் தடவை எழுதுகிறவள்

பழுதுபார்க்க வந்த டயரைச் சுவரில் சாய்த்து, பஞ்சரான இடத்தை மஞ்சள் சாக்கட்டியால் வட்டமிட்ட கையோடு, பக்கத்திலேயே ஒரு வேதியியல் சமன்பாட்டையும் எழுதுகிறாள் லோஷினி. தள்ளி நின்று பார்க்கிறாள். உதட்டைக் கடிக்கிறாள். புறங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாள். தம்போய் வட்டாரத்தில் அவள் வேலை பார்க்கும் டயர் கடைக்கு வந்துபோகிற கார்களில் பாதி, சக்கரத்தில் அரைகுறைக் கெமிஸ்ட்ரியோடுதான் சாலையில் ஓடுகின்றன. ஒரு சீனப் பெரியவர் அதை ஏதோ கம்பெனி அடையாளம் என்று நினைத்து, காடி கழுவும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாராம். கடைக்காரர் லெட்சுமணனுக்கு இதில் புகார் இல்லை. "எழுதட்டும் லா. டயருக்கு வலிக்கவா போவுது?" என்கிறார்.

வயது பத்தொன்பது. தலைமுடியை ஒரு முரட்டு ரப்பர் வளையத்தில் இறுக்கியிருப்பாள். கை எப்போதும் கறுப்பு. பேச்சு கொஞ்சம் காரம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்து, பிறகு டாக்டரும் வக்கீலுமாகப் பெருகிய குடும்பம் அவளுடையது. அந்த வீட்டுப் பெண் டயர் கடையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் காரை நகர்த்திக்கொண்டு போன உறவினர்கள் உண்டு. அவர்களுக்கும் கையாட்டுவாள். வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டுவாள், அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

போன வருடம் அவர்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. சர்வதேச டிப்ளோமா படிக்கிற பிள்ளைகள் எவ்வளவு வாங்கக்கூடும் என்று, தேர்வுக்கு முன்பே ஆசிரியர்கள் ஓர் ஊக மதிப்பெண் போட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவார்கள். லோஷினிக்கு நாற்பத்தைந்துக்கு முப்பத்தெட்டு என்று ஊகித்தார்கள். அப்பா ஜெயசங்கர் ஊகத்தையே முடிவாக எடுத்துக்கொண்டார். மண்டபம் பிடித்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, ஆட்டுக்கறி விருந்து வைத்து, மகள் கழுத்தில் மாலையும் போட்டுவிட்டார். கேக்கின் மேல் சர்க்கரைப் பாகில் முப்பத்தெட்டு. ஜூலையில் உண்மையான முடிவு வந்தது: இருபத்துமூன்று. தேறுவதற்கு இருபத்துநான்கு வேண்டும்.

"எழுதாத சோதனைக்கு மாலை போட்ட குடும்பம் நாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். "கெமிஸ்ட்ரி பேப்பரத் திறந்தேன். கேக்குதான் கண்ணு முன்னால வந்துச்சு. ஒண்ணும் ஓடல."

மறுதேர்வு விதிகளைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். டிப்ளோமாவுக்கு மொத்தம் மூன்று தேர்வுப் பருவங்கள்தான். எந்தப் பாடத்தையும் திரும்ப எழுதலாம். இரண்டில் எது கூடுதலோ அது நிற்கும். ஏதாவது ஒரு பள்ளிதான் பெயரைப் பதிய வேண்டும், தனியாளாக எழுத முடியாது. படித்த பள்ளி, தன் சராசரி கெட்டுவிடும் என்று கையை விரித்துவிட்டது. அவளே ஒவ்வொரு பள்ளியாகப் போன் போட்டாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு பள்ளி சரி என்றது.

நவம்பரில் அப்பா சொன்னபடி சுலபமான வணிகப் பாடத்தைத் திரும்ப எழுதினாள். ஒரு புள்ளிகூட ஏறவில்லை. மிஞ்சியிருப்பது இந்த மே மாதம் மட்டும். இதுவும் போனால் டிப்ளோமா என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுக்குப் பயம் இல்லாமலில்லை. ஆனாலும் இந்தத் தடவை கெமிஸ்ட்ரிதான் என்று நிற்கிறாள். வேறு பாடம் எடுக்கச் சொன்ன அப்பாவிடம், "என்னய விழ வச்சது அதுதானேப்பா? அதுகூடத்தான் நான் மோதணும்" என்றாள். ஜெயசங்கர் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அம்மா மீனலோசனிக்கு வேறு கவலை. கேட்கிறவர்களிடமெல்லாம், "அயர்லாந்துல மெடிசின் இடத்துக்குக் காத்திருக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். அப்பாவின் அக்கா ஞானேஸ்வரி மாமி அதை நம்பிக் கம்பளிச் சட்டைகூட வாங்கிவிட்டார். "அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நான் டயர் மாத்தவா?" என்று லோஷினி கேட்டதற்கு, "வாய மூடு. கொஞ்ச நாளைக்கு அடக்கமா இரு" என்பதுதான் அம்மாவின் பதில்.

ஏப்ரலில், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகக் கோயிலில் சிறப்புப் பூசை நடந்தது. பேனாக்களைத் தட்டில் வைத்துக் கலைமகள் முன் படைத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்வது அங்கே வழக்கம். மாமியின் பேரனும் எழுதுகிறான் என்பதால் குடும்பமே வந்திருந்தது. பெண்கள் வரிசையில் அம்மாவுக்கும் மாமிக்கும் நடுவே லோஷினி உட்கார்ந்திருந்தாள்.

"மே மாசம் சோதனை எழுதுற பிள்ளைங்கல்லாம் முன்னுக்கு வாங்க" என்றார் குருக்கள்.

பள்ளிச் சீருடைகள் எழுந்து போயின. மீனலோசனி மகளின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். லோஷினி துப்பட்டாவைத் தோளிலிருந்து கழற்றி அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சிறுவர்களுக்கு நடுவே அவள் ஒரு தலை உயரமாக நின்றாள். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி தங்கச்சிக்காக வந்தியாம்மா?"

"இல்ல சாமி. எனக்குத்தான்."

"பேரு, நட்சத்திரம்?"

"லோஷினி, விசாகம்." சொன்ன குரல் மண்டபத்தின் கடைசித் தூண்வரை போனது. "பாடத்தையும் சேத்துச் சொல்லிருங்க சாமி. கெமிஸ்ட்ரி. மூணாவது தடவ சோதனை எழுதுறேன்."

பின்வரிசையில் மாமி, "மூணாவதா? அயர்லாந்து?" என்று யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. லோஷினி திரும்பவில்லை. இடுப்பிலிருந்து பேனாவை எடுத்தாள். தட்டு ஏற்கெனவே நிறைந்திருந்தது. மற்ற பேனாக்களை ஓரமாகத் தள்ளி நடுவில் இடம் உண்டாக்கி, தன்னுடையதை அங்கே வைத்தாள்.